அப்பனைக் கொன்றவனுக்கு விருந்து வைத்த ஊர்

டப்ளின்,
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என்ன சாப்பிட்டாய் என்ற விசாரணையிலேயே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். "செத்துப்போன நாடகக்காரனைப் பற்றி வருஷக்கணக்கில் படிக்க என்ன இருக்கிறது, இதற்குப் பணம் வேறு தருகிறார்களா?" என்று சித்தப்பா கேட்டதாகச் சொன்னீர்களே. தருகிறார்கள். பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடுகிறது, அது வேறு விஷயம்.

இப்போது நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழை பெரிதாக இல்லை, ஆனால் காற்று குடையைப் புரட்டிப் போட்டுவிடும். தொப்பி வைத்த கோட்டுதான் சரி. மூர் தெருவில் கறிவேப்பிலை கிடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டீயை நம்மைப் போலவே நன்றாகக் கட்டியாகப் போட்டுப் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள்.

நான் படிக்கிற ஆள் ஜான் மில்லிங்டன் சிங். சித்தப்பா தலைப்பாகையை எல்லாம் நினைக்க வேண்டாம், சுத்தமான அயர்லாந்துக்காரர். 1871இல் டப்ளின் பக்கத்தில் பிறந்து, 1909இல் 37 வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். நோட்டை ஸ்பாஞ்சு மெத்தை மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப டைப் அடித்து, அதன்மேல் மையால் அடித்து, ஓரத்தில் மறுபடி எழுதி வைத்திருக்கிறார். எதை வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்று பார்ப்பதுதான் என் வேலை. சில நாள் ஒரு பக்கத்தைத் தாண்ட மாட்டேன்.

அவர் குடும்பம் நிலபுலன் உள்ள புராட்டஸ்டண்ட் குடும்பம். அண்ணன் ஒருவர் குத்தகைக்காரர்களை வீட்டை விட்டு வெளியேற்றியவர். சிங் அதைத் தட்டிக்கேட்டபோது, அவர்கள் குத்தகை கொடுக்காவிட்டால் நாம் எப்படிச் சாப்பிடுவது என்று அவருடைய அம்மா திருப்பிக் கேட்டார். இவரோ வயலின் படிக்க ஜெர்மனிக்குப் போய், மேடை பயத்தில் அதை விட்டு, பாரிசில் திரிந்துகொண்டிருந்தார். கவிஞர் யேட்ஸ்தான் 1896இல் அங்கே இவரைச் சந்தித்து, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற அரன் தீவுகளுக்குப் போ என்று தள்ளிவிட்டவர். 1898இலிருந்து ஐந்து வருஷம் ஆண்டுதோறும் போய்த் தங்கினார்.

கோடையில் நானும் போனேன். நடுத்தீவான இனிஷ்மானில் அவர் தங்கிய கூரைவீடு இன்னும் இருக்கிறது. சுற்றிலும் மண்ணைவிடக் கல்தான் அதிகம். பொறுக்கிய கல்லையெல்லாம் காரை பூசாமலே இடுப்பளவு சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இடுக்கு வழியே காற்று போகிறது, சுவர் நிற்கிறது. படகுகள் மரச்சட்டத்தின் மேல் கித்தான் துணி போர்த்தித் தார் பூசியவை. அவருடைய ஒரு நாடகத்தில், கடலில் செத்து ஒதுங்கியவன் தன் சகோதரன்தான் என்று அவன் காலுறையின் பின்னலில் தான் தவறவிட்ட கண்ணிகளை எண்ணி ஒரு பெண் கண்டுபிடிப்பாள். கடற்கரையில் பிறந்த உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தீவில்தான் ஒரு கிழவர் அவருக்கு அந்தக் கதையைச் சொன்னார்: பெரிய கரையிலிருந்து ஒருவன், கோபத்தில் அப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு ஓடிவந்தான். தீவுக்காரர்கள் போலீசுக்குக் காட்டிக்கொடுக்காமல் ஒளித்துவைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். இதை எடுத்து நாடகமாக்கினார். மேற்கு அயர்லாந்தில் மேயோ மாவட்டக் கடலோரத்துச் சாராயக்கடையில் ஒரு பையன் வந்து, அப்பனைக் கொன்றுவிட்டேன் என்கிறான். ஊரே அவனைக் கொண்டாடுகிறது. பெண்கள் முட்டையும் கோழியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடைக்காரர் மகள் அவனைக் கட்டிக்கொள்ளவே துணிகிறாள். அப்புறம் மண்டையில் கட்டோடு அப்பன் உயிரோடு வந்து நிற்கிறான்!

நாடகம் முதலில் மேடையேறியது 1907 ஜனவரி 26, இங்கே டப்ளின் ஆபி தியேட்டரில். இரண்டு அங்கம் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் பெண்களின் உள்சட்டை என்று ஒரு வார்த்தை வந்ததும் கூச்சல். திங்கட்கிழமையிலிருந்து ஊதுகுழலோடு வந்து கலாட்டா செய்தார்கள். போலீஸ் காவலோடு வாரம் முழுக்க நாடகம் நடந்தது. முதல் சில நாள் மேடையில் பேசியது யார் காதிலும் சரியாக விழவில்லை. அமெரிக்காவுக்குப் போனபோது பிலடெல்பியாவில் நடிகர்களைக் கைதே செய்தார்கள்.

உள்சட்டைக்காகவா இவ்வளவும் என்று எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு ஆங்கிலேயன் கையில். ஐரிஷ்காரன் குடிகாரன், முரடன் என்று லண்டன் மேடைகளில் கேலி செய்து பழகிய காலம். அப்போது நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வந்து, ஏழைக் கத்தோலிக்க ஊரை இப்படிக் காட்டினால் வலிக்காதா? சிங்கைப் பிடித்திருந்தும் இந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. என் பேராசிரியரோடு வாக்குவாதமே இதில்தான்.

ஆனால் நாடகத்தின் முள் வேறு இடத்தில் இருக்கிறது. கடைசியில் அந்தப் பையன் அப்பனை எல்லார் கண்ணெதிரிலும் மறுபடி அடிக்கிறான். எங்கோ தூரத்தில் நடந்தபோது கதை கேட்டு வாயைப் பிளந்த அதே ஊர், கொல்லைப்புறத்தில் பார்த்ததும் கயிறு போட்டுக் கட்டுகிறது. காதலித்தவளே அவன் காலில் நெருப்பை வைக்கிறாள். அவன் ஒன்றும் மாறவில்லை. பார்த்த தூரம்தான் மாறியது. சிங் ஜனங்களைக் கேலி செய்ததாகச் சொல்வது அரைகுறைப் படிப்பு. வீரக்கதைக்குக் கைதட்டுகிற எவனையும் அவர் விட்டுவைக்கவில்லை, டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட.

அந்தக் கடைக்காரர் மகளாக நடித்தவள் மாலி ஆல்குட். அவளைத்தான் சிங் கட்டிக்கொள்வதாக இருந்தார். வயதில் ரொம்பச் சின்னவள், கத்தோலிக்கப் பெண், கையில் காசில்லாத குடும்பம். கல்யாணத்துக்கு முன்பே நோய் முற்றிவிட்டது. அவளுக்கு எழுதிய கடிதங்களில் "உன் கிழட்டு நாடோடி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எடுத்ததற்கெல்லாம் அவளோடு சண்டை போட்டும் இருக்கிறார், நல்ல பொறாமைக்காரர்.

கிறிஸ்துமசுக்கு முன் ஓர் அத்தியாயம் கொடுக்க வேண்டும், அதனால் ஊருக்கு வர முடியாது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், திருவிழா நாடகத்தில் நீங்கள் யூதாசாக நடித்த வருஷம் யாரோ மண்ணை வாரி எறிந்ததாக ஆச்சி சொல்வாரே, அது நிஜமா? ஒரு வரி எழுதுங்கள். இந்த அப்பன் கதையைப் பங்குச் சாமியாரிடமும் சொல்லிப்பாருங்கள். நம் கோயில் மேடையில் போட விடுவாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா