லிஸ்பன் மாநகராட்சி மன்றத்தாருக்கு: முகப்பு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய மன்றத்தாருக்கு வணக்கம்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் 1554இல் உங்கள் ஊரில்தான் வெளியானது. எழுத்து என்னவோ ரோமன்! உங்கள் விஷயத்தில் ஒரு தமிழன் மூக்கை நுழைக்க இந்த உறவு போதாதா?

உங்கள் ஊரின் நடுவே இருக்கும் பைஷா வட்டாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த கோவில்கள் நிலநடுக்கத்தில் மக்கள் தலைமேல் இடிந்தன. டேகஸ் ஆற்றங்கரைக்கு ஓடித் தப்பியவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. மிச்சம் இருந்ததைத் தீ பல நாள் தின்றது. போர்ச்சுகல் மன்னர் ஜோசே அதற்குப் பிறகு கல் கட்டடத்தில் தூங்கப் பயந்து அஜுடா குன்றில் மரக் கொட்டகையில் காலம் தள்ளினார்.

ஊரைத் திரும்ப எழுப்பியவர்கள், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரும், எண்பதை நெருங்கிய பொறியாளர் மானுவேல் த மாயாவும் அவருடைய கூட்டாளிகளும். நேர்த்தெருக்களையும் ஒரே மாதிரியான ஜன்னல் வரிசையையும் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அசல் சாமர்த்தியம் சுவருக்குள் இருக்கிறது. நெட்டுக் கட்டை, குறுக்குக் கட்டை, அவற்றுக்கு நடுவே பெருக்கல் குறி போல இரண்டு சாய்கட்டைகள், இடைவெளியில் கல்லும் சுண்ணாம்பும், மேலே பூச்சு. இதற்கு 'கயோலா', அதாவது கூண்டு என்று பெயர். நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். கல் உதிர்ந்தாலும் தளம் உடனே தலையில் இறங்காது. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்களாம்.

இன்று ஓட்டல் கட்ட வருகிறவர்கள் பல இடங்களில் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே குடலை உருவிவிடுகிறார்கள். கடைக்கு இடம் போதவில்லை என்று கீழ்த்தளச் சுவரை எடுப்பது அதைவிட ஆபத்து. கூண்டு முதல் மாடியில்தான் தொடங்குகிறது. அதைத் தாங்குவது கீழே உள்ள கல் தூணும் வளைவும். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் ஒரு வீட்டில் கை வைத்தால் பக்கத்து வீடும் பலம் இழக்கும்.

லிஃப்டும் குளியலறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூண்டை வைத்துக்கொண்டே இரும்பால் பலப்படுத்த வழி இருக்கிறது. செலவு கூடும், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் 5.3 அளவு நிலநடுக்கம் விடியற்காலையில் உங்களை எழுப்பியதே!

அனுமதி கொடுக்கும் முன் எந்தச் சுவரில் கூண்டு இருக்கிறது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். கீழ்த்தளத் தூணைத் தொடும் வரைபடம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளன்