பிள்ளைகளைத் திட்டுமுன் தராசைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையகத்து இளைஞர்களுக்கு உடம்பு வணங்குவதில்லை, போனைத் தடவிக்கொண்டே கொழும்புக்கு ஓடுகிறார்கள், அதனால்தான் தேயிலை மலையெல்லாம் காடாகிறது என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவர் எந்த மலையில் கூடை சுமந்தார் என்று மட்டும் எழுதவில்லை. நான் பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். ஆள் பற்றாது என்று கூப்பிட்டால் இப்போதும் கைக்காசுக்குப் போகிறேன். அதனால் இதில் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைக்கிறேன்.

கொழுந்து வேலையில் கஷ்டம் மலை ஏறுவதில் இல்லை ஐயா, நிறுவையில் இருக்கிறது. விடியக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்துக் கொண்டுபோய் வைத்தால், தண்ணீருக்கு என்று ஒரு கழிவு, சாக்குக்கு என்று ஒரு கழிவு. 18 கிலோ கேட்கிற இடத்தில் கழிவு போய் 16 நின்றால் அரைப் பேர்தான். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம். "முள்ளைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா" என்று தராசுப் பக்கம் எட்டிப் பார்த்தவளை மறுநாள் கொழுந்தே இல்லாத நிரைக்கு அனுப்பிவிடுவார்கள். என் மகளும் கொஞ்ச காலம் பறித்தாள். ஒருநாள் குளவி கொட்டி முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நாளுக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. அப்புறம் அவள் கூடையைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை.

மலை காடாகிக் கிடப்பது உண்மைதான். ஆனால் அது பிள்ளைகள் கொழும்புக்குப் போனதால் தொடங்கியது அல்ல. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, எங்கள் டிவிசனில் புல்வெட்டுக்கும், தண்ணீர் ஓடுகிற கான்வெட்டுக்கும் ஆள் போடுவதை வருசா வருசம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இப்போது மானாப்புல் இடுப்பளவு நிற்கிறது. குளவியும் சிறுத்தையும் அதற்குள்ளே இருக்கின்றன. சம்பளத்தையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2015இல் பேச ஆரம்பித்தார்கள், 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருசமே மாவு விலை ஏறின ஏற்றத்தில் அந்த ஆயிரம் ரொட்டிக்கும் சம்பலுக்குமே சரியாகப் போனது. 2024இல் 1350 ஆக்கினார்கள். அதற்கும் எத்தனை கூட்டம், எத்தனை வழக்கு!

அந்தக் காலத்தில் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் குடும்பத்தைச் சிதறடிக்கிறார்கள் என்றும் பெரியவர் எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்கள் ஆட்களில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டார்களே, அதில் சிதறாத குடும்பம் எது? எங்கள் பெரியப்பா அப்பாயியையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். எங்கள் அப்பாவுக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்தது. தாயும் மகனும் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை. எழுபத்து நாலு பஞ்சத்தில் கிழங்கும் கிடைக்காமல் கண்ட கீரையை அவித்துத் தின்றதும் அந்த நல்ல காலத்தில்தான். பத்தாந்தேதி என் சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது என் வீட்டுக்காரர். அதில் பாதி, வீடு வந்து சேருமுன் தவறணைக் குடியில் இறங்கிவிடும். என் மகளின் சம்பளம் அவள் பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்குப் போகிறது. இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு காலம் கெட்டுவிட்டது என்று புலம்புகிற ஆம்பிளைகளில் சிலருக்கு இதுதான் உறுத்துகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போனைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளுக்கு, அதுதான் லயத்துக்கு, தபால்காரர் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே மேசையில் கிடந்து, யாராவது மனம் வைத்துக் கொடுத்துவிட்டால்தான் கைக்கு வரும். என் தம்பி படித்தவன். ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் திகதி முடிந்த பிறகுதான் அவன் கையில் கிடைத்தது. அவன் கடைசிவரை தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடுதான் இருந்தான். என் பேத்திக்குப் போன மாதம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, நேரே போனுக்கு. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே வாசித்துக் காட்டினாள். நடுவில் யார் கையும் இல்லை. பிள்ளைகள் போனில் பாட்டும் கூத்தும் பார்க்கிறார்கள்தான், பார்க்கட்டுமே.

எனக்கும் அவர்கள்மேல் கோபம் இல்லாமல் இல்லை. கொழும்பில் ஊர் எது என்று கேட்டால் பேரன் "ஹட்டன்" என்கிறான், தோட்டத்தின் பேர் வாயில் வருவதில்லை. கல்யாண வீட்டில் இவர்கள் வைக்கிற ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் சுவர்க் கடிகாரம் விழுந்தது. இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லித் திட்டுவேன். ஆனால் மாசி மாதம் காமன் கூத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வருகிறவர்களும் இவர்கள்தான். இந்த வருசம் எங்கள் தோட்டத்தில் ரதி வேசம் கட்டியவன் கொழும்பு வெள்ளவத்தையில் கொத்துரொட்டி போடுகிற பையன். விடிய விடிய ஆடிவிட்டுக் காலை பஸ்ஸில் வேலைக்குப் போனான். இவனையா சோம்பேறி என்கிறார் பெரியவர்?

அவர் நன்றாகத்தான் எழுதுகிறார், எழுத்தில் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கடிதத்தில், லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்துத் தபாலை வாசலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும். நிறுவையின்போது தராசு முள்ளைப் பறித்தவளுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கட்டும். அப்படி எழுதினால் அவர் பேருக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
பொகவந்தலாவை.

(கையால் எழுதியதைப் பேத்தி போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். எழுத்து விளங்காவிட்டால் அவளுக்கே அழைத்துக் கேளுங்கள்.)