சுவரில் முளைத்த அரசங்கன்று: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மரமும் புழுவும் பாறையைச் சிதைக்கும் என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பித்துவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதனால் அடுத்த வாரம் உயிரினச் சிதைவுப் பாடத்துக்குச் செய்முறை வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை ஒவ்வொருவரும் இரண்டு காலித் தயிர்க் கப்பும், முந்தின இரவே ஊறப்போட்ட ஐந்து மொச்சையும் கொண்டுவரட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பள்ளியில் உண்டு. இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். அரைக் கப் ஊற்றி, மொச்சையைப் பரப்பி, மேலே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மூட வேண்டும். அதற்குமேல் போனால் முளை வெளியே வராமல் உள்ளேயே அழுகிவிடும். இன்னொரு கப்பில் மொச்சை இல்லாமல் மாவுக் கலவை மட்டும். அது இல்லையென்றால் ‘காய்ந்து வெடித்தது சார்’ என்று ஒருவன் சொல்வான், மறுக்க வழியிருக்காது. தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் ஒரு வாரத்துக்குள் விரிசல் தெரியும். ஊறாத மொச்சையைப் போட்டால் முளைக்கும் முன்பே வெடிக்கலாம். அது வேரின் வேலை அல்ல, தண்ணீர் குடித்து உப்பிய பருப்பின் வேலை. அந்தக் காலத்தில் கல் உடைக்கிறவர்கள் பாறைத் துளையில் மர ஆப்பு அடித்துத் தண்ணீர் விட்டுப் பிளந்ததும் இதே சங்கதிதான்.

மாவு இறுகும்போது சூடேறும். விரலை உள்ளே வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

உயிரினங்கள் உண்டாக்கும் அமிலமும் பாறையைச் சிதைக்கும். அதைக் காட்ட வினிகர். சாக்பீஸ் வேண்டாம், இப்போது கிடைப்பதில் பெரும்பாலும் ஜிப்சம், பொங்காது. முட்டை ஓடு பொங்கும். நம் மலைப்பாறையும் பொங்காது. ஆனால் வேர் விடும் கரியமில வாயு ஈரத்தில் கரைந்து உண்டாகும் மெல்லிய அமிலம், அந்தப் பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மெதுமெதுவாகக் களிமண்ணாக்கிவிடும். கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவு தாண்டியதும் சாலையோர வெட்டுகளில் தெரிகிற செம்மண்ணும் ஒரு காலத்தில் பாறையாக இருந்ததுதான். அங்கே மழை அதிகம், மரமும் அதிகம்.

புதன்கிழமை பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பாறைக்குக் கூட்டிப்போகிறோம். அதில் சாம்பல் வட்டமாகப் படிந்திருப்பது கறை அல்ல, லைக்கன்: பூஞ்சையும் பாசியும் கூட்டாக வாழும் உயிர். ஆக்சாலிக் அமிலம் சுரக்கும். அதன் இழைகள் கல்லின் மணிகளுக்கு இடையே இறங்கி, நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படியே மேற்பரப்பு பொரிப்பொரியாக உதிரும். பல வகை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வதே அபூர்வம். எனவே யாரும் சுரண்டக் கூடாது. பக்கத்திலேயே கரையான் புற்றும் பெருச்சாளி வளையும் உண்டு. இவை கல்லை உடைப்பதில்லை. மண்ணைக் கிளறி, அடிப்பாறைக்குக் காற்றும் நீரும் போக வழி விடுகின்றன. தேர்வில் பலர் இங்கேதான் தப்பாக எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டுச் சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் பாருங்கள். காக்கையும் மைனாவும் பழம் தின்று எச்சமிட்ட இடத்தில் அரசோ ஆலோ முளைத்திருக்கும். நாலு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிட்டு, வெடிப்பைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும், உள்ளே வேர் இன்னும் பருக்கும். ஆசிட் ஊற்றுவது மகா தப்பு. வேருக்கு முன்னால் சிமென்ட்தான் அரித்துப்போகும்.

சாரல் விழுந்தால் பாறை வழுக்கும். அன்று போகமாட்டோம், வெயில் பார்த்து வேறு நாள். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்