பள்ளித் தோட்டத்துக் கீரை தட்டுக்கு வரட்டும்

தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறைக்கும் சமூக நலத் துறைக்கும், அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தாயின் திறந்த மடல்.

வணக்கம்.

இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆசிரியரும் பிள்ளைகளும் போடும் காய்கறித் தோட்டம் பள்ளிக்கல்வித் துறையின் இடம். நாலு எட்டில் இருக்கும் சத்துணவுக் கூடமோ சமூக நலத் துறையின் பொறுப்பு. இந்த நாலு எட்டைக் கடக்க முடியாமல் பல ஊர்களில் கீரை முற்றிப் பூத்துப்போகிறது. தோட்டத்தின் முன்னால் பலகை இருக்கிறது, பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்த படமும் இருக்கிறது. சாம்பாரில் மட்டும் அந்தக் காய் இல்லை.

எங்கள் ஊர் சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் கேட்டேன். "சமைச்சிடலாம்மா, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். தோட்டத்துக் காயை வாங்கிப் பதிவேட்டில் எழுதிச் சமைக்கலாம் என்று எழுத்தில் ஒரு உத்தரவு அவர் கையில் இருந்தால் தயங்கமாட்டார். அப்படிக் காய் வந்த நாளில் காய்கறிக்கான காசைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தோட்டம் அவருக்குத் தண்டனையாகிவிடும்.

இதற்காகப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். 2021-இல் பி.எம். போஷன் என்று பெயர் மாறிய மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்திலேயே பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கு இடம் இருக்கிறது. நம் சத்துணவுப் பட்டியலில் கறிவேப்பிலைச் சாதமும் கீரைச் சாதமும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் காய்கறிச் சாம்பார் வருகிறது. பள்ளித் தோட்டம் தினமும் எல்லாருக்கும் போதாது, அது எனக்கும் தெரியும். வாரம் ஒரு நாள் போதும்.

பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பச் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதை மறந்துவிட்டு எந்தத் தாயும் இப்படிக் கேட்க மாட்டாள். நெருப்பும் அரிவாள்மனையும் இல்லாமலே சமையலில் பாதி வேலை இருக்கிறதே! சிறுகீரையை வேரோடு பிடுங்கி வந்து, வேரைக் கிள்ளி, பழுத்த இலையையும் பூச்சி அரித்த இலையையும் ஒதுக்கி, அண்டாத் தண்ணீரில் அலசுவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள். முதல் அலசலில் தண்ணீர் செம்மண் நிறமாகும், இரண்டாவதில் அடியில் மணல் படியும், மூன்றாவதில் அண்டாவின் அடி தெரியும். அது வரைக்கும் விடமாட்டார்கள். ஊறவைத்த பாசிப்பருப்பில் துருவிய தேங்காயும் கிள்ளிப்போட்ட மல்லித்தழையும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் அதுவும் ஒரு சமையல்தான். கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கும் என் மகன், தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியின் இலையை "இது என்னோடது" என்று சொல்லி மென்று தின்றான். வீட்டில் வாங்கும் கறிவேப்பிலையை இன்னும் ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறான், அது வேறு கதை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். களை பறிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் முறைவைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். கீரை ஆய்வது பெண் பிள்ளைகள் வேலை, குப்பை அள்ளுவது இந்தத் தெருப் பிள்ளைகள் வேலை என்று ஆனால், அந்தத் தோட்டமே வேண்டாம். முறைப்பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் பார்க்கட்டும்.

கோடை விடுமுறையில் செடி காய்ந்துபோகும் என்பார்கள். காயட்டுமே. ஜூனில் பள்ளி திறந்ததும் நிலத்தைக் கொத்தி, ஆடிப் பட்டத்தில் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே கீரையும் வெண்டையும் கைக்கு வந்துவிடும். அவரை தையில் காய்க்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் விடுமுறையைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீருக்குப் பிள்ளைகள் கை கழுவும் இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினால் ஆயிற்று.

ஆகவே, இரண்டு துறைச் செயலாளர்களும் கையெழுத்திட்ட ஒரே உத்தரவு ஆடி பிறப்பதற்குள் பள்ளிகளுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். அதன் ஒரு நகல் அமைப்பாளருக்கும் தனியாகப் போகட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா