52-க்கு 48: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே ஸ்காட்லாந்தில் எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மேரி சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், நீ சொன்னால் கேட்க மாட்டார்கள், நான் சொன்னதாகச் சொல்.

விஷயம் கொஞ்சம் நீளம், போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். யாழினி பள்ளியில் விவாதப் போட்டி. நாட்டின் போக்கையே மாற்றுகிற பொதுவாக்கெடுப்புக்கு வெறும் பெரும்பான்மை போதுமா என்பது தலைப்பு. அவள் "போதும்" கட்சி. அவளைப் பழக்குவதற்காக நான் எதிர்க்கட்சியாகப் பேசப் போய், இப்போது வீட்டில் நிஜமாகவே இரண்டு கட்சி. "ஒரு ஓட்டு அதிகம்னாலும் அதிகம்தானேம்மா" என்கிறாள், அப்படியே உன் குரல். ஒரே ஒரு ஓட்டில் மெஸ் செயலாளராகி வருஷம் முழுக்க எங்களுக்கு ரவை உப்புமா போட்டவளாயிற்றே நீ! ஆனால் ஏட்டி, அடுத்த வருஷம் உன்னை மாற்றிவிட்டோம். நான் சொல்வதும் அதைத்தான். தேர்தல் என்றால் ஐந்து வருஷத்தில் திருத்திக்கொள்ளலாம். இது அப்படித் திரும்பி வராது.

2016 ஜூன் 23 நினைவிருக்கிறதா, அன்று இரவு நீயும் தூங்காமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாய். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாம் என்றவர்கள் 51.9 விழுக்காடு, இருக்கலாம் என்றவர்கள் 48.1. மூன்றேகால் கோடிக்குக் கொஞ்சம் அதிகமாக ஓட்டு விழுந்ததில் வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரம். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடு இருக்கலாம் என்றது, இங்குள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட விலகலாம் என்று சொல்லவில்லை, இருந்தும் நாங்களும் வெளியே வந்தோம். எனக்கு அன்று ஓட்டு இருந்தது, காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் இந்திய பாஸ்போர்ட்டோடு போய்ப் போட்டேன். என்னோடு வார்டில் நைட் ஷிஃப்ட் பார்த்த போலந்துக்காரிக்கு ஓட்டு இல்லை. அவள் இங்கே தொடர்ந்து இருக்கலாமா, எந்த விதியின்படி இருக்கலாம் என்பதையெல்லாம் மாற்றப்போகிற ஓட்டு அது, அதைப் போடுகிற உரிமை அவளுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அதைவிட முக்கியமானது ஒன்று. விலகுவது என்று முடிவானதே தவிர எப்படி விலகுவது என்று யாரும் கேட்கவே இல்லை. ஐரோப்பிய நாடுகள் தடையில்லாமல் வியாபாரம் செய்கிற ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டே விலகலாம் என்றவரும், ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றவரும் ஒரே கட்டத்தில்தான் பெருக்கல் குறி போட்டார்கள். அந்த 52-ஐ உடைத்துப் பார்த்தால் உள்ளே எத்தனை வேறு வேறு ஆசைகள்! அதனால்தான் அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது, முதல் முறை 432-க்கு 202. கடைசியில் 2020 ஜனவரி 31 வரை இழுத்தது. நம் நாட்டில் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தவே நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், மாநிலங்களின் அதிகாரத்தைத் தொட்டால் பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே இவ்வளவு பெரிய காரியத்துக்கு அப்படி எந்த வேலியும் இல்லை.

யாழினி சும்மா இருப்பாளா? "1979" என்று ஒரே அடி அடித்தாள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று அந்த வருஷம் மார்ச் 1 அன்று கேட்டபோது 51.6 விழுக்காடு வேண்டும் என்றது. ஆனால் வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் 40 விழுக்காடாவது ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை. கிடைத்தது 33-க்கும் சற்றுக் குறைவு. வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எல்லோரும் 'வேண்டாம்' என்று சொன்னதாக ஆகிவிட்டது. அதே மாதம் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து ஒரே ஒரு ஓட்டில், 311-க்கு 310, பிரதமர் காலஹனின் அரசே கவிழ்ந்தது. சட்டமன்றம் வர 1999 ஆகிவிட்டது. இந்தக் கோபத்தை இங்குள்ள வயதானவர்கள் வாயால் நானே கேட்டிருக்கிறேன், அவள் சொல்வது நியாயம். ஓட்டுப் போட வராதவர்களை ஒரு பக்கம் சேர்த்து எண்ணுவது அநியாயம்தான்.

ஆனால் அது அந்த நிபந்தனையின் கோளாறு. ஐரோப்பாவின் குட்டி நாடு மாண்டினீக்ரோவைப் பார். 2006-இல் செர்பியாவோடு சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கேட்டபோது, விழுந்த ஓட்டில் 55 விழுக்காடு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு தரப்பும் அதை ஏற்றுக்கொண்டுதான் களத்தில் இறங்கின. 86 விழுக்காட்டுக்கும் மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள், பிரிவுக்கு 55.5. கோட்டைத் தாண்டியது இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான், ஆனாலும் செர்பியா அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

அப்புறம்தான் அவள் என்னை மடக்கினாள். "52-ஐ வைத்து எங்களை ஐரோப்பாவிலிருந்து இழுத்து வந்தார்கள், நாளைக்கு ஸ்காட்லாந்து தனியாகப் போக நினைத்தால் மட்டும் 55 கேட்பீர்களா?" ஸ்காட்லாந்து பிரிவதா என்று 2014-இல் கேட்டபோது வெறும் பெரும்பான்மை போதும் என்றுதான் வைத்தார்கள், 55.3 விழுக்காட்டினர் பிரிய வேண்டாம் என்றார்கள். அடுத்த முறை 51-க்கு 49 என்று வந்தால்? எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீடு அந்தப் பக்கம். அதுதான் செல்வி என் பயமே. அந்த 49 வீடும் மறுநாள் காலையில் இதே தெருவில்தான் இருக்கும், பாஸ்போர்ட் வேறாக.

யோசித்து யோசித்து நான் வந்து நிற்கிற இடம் இது. எந்த வாக்கெடுப்புக்கும் தேதி குறிக்காத இப்போதே, யாருக்கு லாபம் என்று தெரியாதபோதே, 55 என்று சட்டம் போட்டுவிட வேண்டும். விலகுவதற்கும் சேர்வதற்கும் அதே 55. ஒப்பந்தம் கையில் வந்தபின் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போவதானாலும் இதே விதிதான். திரும்ப வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும், 52-ஐ வைத்துக்கொண்டு போவது எனக்கு வேண்டாம்.

48 பேர் 52 பேரைத் தடுப்பது என்ன ஜனநாயகம் என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தடுக்கப்பட்டவர்கள் இன்னொரு முறை கேட்கலாம், பிரிந்த நாடு அப்படி எளிதில் ஒட்டாது என்கிறேன். சமாதானம் ஆகவில்லை. போட்டி வெள்ளிக்கிழமை. அண்ணனுக்கு அவள் பக்கம் பேச ஏதாவது நல்ல வாதம் தோன்றினால் நேராக அவளுக்கே அனுப்பச் சொல், என் கைக்கு வந்தால் முதல் வேலையாக அதற்குப் பதில் தயார் செய்துவிடுவேன்.

அன்புடன்,
கோமு