ங பக்கத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள கண்ணா,

உன் உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன். உண்மையான தபால்தலைக்குப் பக்கத்தில் நீயே வரைந்து ஒட்டிய தலை இருக்கிறதே, அதன் ஓரத்துத் துளைகளைத் தையல் இயந்திரத்தில் நூல் கோக்காமல் ஓட்டித்தானே போட்டாய்? விரலால் தடவியதும் தெரிந்துவிட்டது. அஞ்சல் முத்திரை இரண்டு தலைகள் மேலும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. குத்தியவர் கவனிக்கவில்லையோ, கவனித்துத்தான் குத்தினாரோ தெரியாது. உன் தலையும் அந்த நொடியில் உண்மையான தலையாகிவிட்டது. கிழிக்க மனம் வராமல் ஆவி காட்டித்தான் திறந்தேன்.

உள்ளே விசிறி மடிப்பில் உள்ளங்கை அளவு அகராதி. பழைய கடித உறைகளின் உட்புறத்தில் இருக்கும் நீலக் கட்டத் தாளை அட்டைக்கு வைத்திருக்கிறாய். தலைச்சொற்களுக்கான எழுத்துகளை அழிரப்பரில் செதுக்கியிருக்கிறாய். ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிப் படித்துப் பழகிய கண் எனக்கு. அதனால் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் செதுக்க உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தெரியும். ஒரே ஒரு ‘ழ’ மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்திருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நீ செதுக்கியது என்பதற்கு அதுதான் அடையாளம்.

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். ‘நேளை (பெ.): இன்று அல்லாத எந்த நாளும், அம்மா சீக்கிரம் வருவதாகச் சொன்ன நாள்.’ மூன்று வயதில் நீ சொன்ன சொல் இது. நேற்றும் நாளையும் உனக்கு ஒன்றாகவே இருந்தன. ‘நேளை இல்லைடா, நாளை’ என்று ஒவ்வொரு முறையும் திருத்தினேன். அகராதியை அகர வரிசையில் தொடங்காமல் ஏன் இந்தச் சொல்லில் தொடங்கினாய் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் தெரிந்தது, சொற்கள் நீ பேசிய வரிசையில் வருகின்றன. அடுத்தது ‘எழுத்தெறும்பு’: மெய்ப்புத்தாளின் ஓரத்தில் அம்மா சிவப்பு மையில் போடும் குறிகள். அதற்கு அடுத்தது ‘இருட்டொலி’: விளக்கை அணைத்ததும் வீடு தனக்குள் பேசிக்கொள்வது. பகலெல்லாம் ஊராருடைய பிழைகளைத் திருத்திவிட்டு வந்து, மாலையில் உன் சொற்களையும் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அடித்துப் போட்டதையெல்லாம் நீ எங்கேயோ எடுத்து வைத்திருந்திருக்கிறாய், கண்ணா. இத்தனை வருடம் கழித்து அச்சில் பார்க்கும்போதுதான் அவை எவ்வளவு அழகாக இருந்தன என்று தெரிகிறது.

அமெரிக்க ஓவியர் ரே ஜான்சனைப் பற்றி ஒரு குறிப்பும் வைத்திருந்தாய். 1950களில் சின்னச் சின்ன ஒட்டுப்படங்கள் செய்து தபாலில் அனுப்பத் தொடங்கியவர், ‘இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பவும்’ என்று எழுதுவார் என்றெல்லாம். அதைப் படித்த பிறகு நானும் தேடிப் பார்த்தேன். தன் ஒட்டுப்படங்களுக்கு அவர் ‘மோட்டிகோஸ்’ என்று பெயர் வைத்திருந்தாராம். எந்த அகராதியிலும் இல்லாத சொல். ‘ஆஸ்மாட்டிக்’ (osmotic) என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு உண்டாக்கியது. தபாலில் இப்படிப் பரிமாறிக்கொண்ட அவருடைய கூட்டத்தின் பெயரில் கடிதத் தொடர்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வருகிறது. அதில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதி, உள்ளே ‘டான்ஸ்’ என்ற சொல் தெரியும்படி செய்திருக்கிறார். 1970இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அந்தப் பெயரில்தான் கண்காட்சியே நடந்தது. என் மேசைக்கு வந்திருந்தால் அந்த எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருப்பேன். இப்போது அந்தப் பிழையைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது.

பிழை சொல்லாக மாறிய கதை எங்கள் தொழிலிலும் ஒன்று உண்டு. அடர்த்தியைக் குறிக்க ‘டி’ என்ற எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ போடலாம் என்று வெப்ஸ்டர் அகராதிக்காக ஒருவர் சீட்டு எழுதினார். ‘டி ஆர் டி’ (D or d, அதாவது பெரிய டி அல்லது சிறிய டி) என்று இருந்ததைச் சேர்த்துப் படித்து ‘டார்ட்’ என்ற சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். 1934 பதிப்பில் அதற்குத் தனி இடமே கிடைத்தது. சொல்லுக்கு வேர் எதுவும் தரப்படவில்லையே என்று 1939இல் ஒருவர் சந்தேகப்பட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுப் பல இரவுகள் பயந்திருக்கிறேன். உன் சொற்களுக்கு வேர் உண்டு. ஒவ்வொன்றும் எந்த நாளில், எந்த அறையில் பிறந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

ஒரு சொல்லைத் தவிர. கடைசிக்கு முந்தைய மடிப்பில் இருக்கும் ‘கையாறு’. ‘வழியனுப்பியவர், வண்டி மறைந்த பிறகு, அசைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் நிலை’ என்று எழுதியிருக்கிறாய். நீ வேலைக்குக் கிளம்பிய நாளைச் சொல்கிறாய் என்று தெரிகிறது. நான் நின்றதை நீ பார்த்திருப்பாய் என்று நினைக்கவே இல்லை. வண்டியின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாயா?

சரி, இதைக் கேள். இந்தச் சொல்லை எங்கோ பார்த்த ஞாபகம் இருந்ததால் தமிழ் லெக்சிகனை எடுத்தேன். 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்ததே, அதுதான். நீ சின்ன வயதில் ஏறி உட்கார்ந்த புத்தகங்கள். கையாறு அங்கே இருக்கிறது, கண்ணா. துன்பம், செயலற்றுப்போதல் என்ற பொருளில் பழைய நூல்களில் வரும் சொல். நீ புதிதாக உண்டாக்கியதாக நினைத்த ஒரு சொல் உனக்கு முன்பே பல நூறு ஆண்டுகளாகக் காத்திருந்திருக்கிறது. புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு, இறந்தவரை எண்ணிப் பாடுவது. அங்கே போனவர் போனவர்தான். உன் கையாறில் போனவன் போய்ச் சேர்ந்து, ஓர் அகராதி செய்து தபாலில் அனுப்புகிறான். இந்தப் பொருள் லெக்சிகனில் இல்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டேன். அந்தப் புத்தகங்களில் நான் இதுவரை ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

கடைசி மடிப்பில் ங எழுத்துக்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, ‘இது அம்மாவுக்கு. சேர்த்துத் திருப்பி அனுப்பவும்’ என்று எழுதியிருந்தாய். ரொம்பக் கடினமான எழுத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாய். ங சொல்லுக்கு முதலில் வருவதைத் தொல்காப்பியம் ஒப்பவில்லை. நன்னூல்கூட அங்ஙனம், இங்ஙனம் என்று இன்னோர் எழுத்தைத் துணைக்கு வைத்துத்தான் விடுகிறது. நான்கு நாள் யோசித்தேன். ஔவையாரின் ‘ஙப் போல் வளை’ நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கு நீ கேட்ட பொருளும் நினைவிருக்கும், தன் வரிசை எழுத்துகளையெல்லாம் ங தாங்கிக்கொண்டிருப்பதுபோல் சுற்றத்தை வளைத்துத் தாங்கு என்று. அந்த எழுத்தின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கிடைத்தது.

சிவப்பு மையில் எழுதவில்லை. நீ அட்டைக்கு வைத்த நீலத் தாளின் நிறத்திலேயே மை தேடி எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். தனியே ஓர் உறையில் அகராதி நாளை கிளம்புகிறது. அது வரும்வரை பொறுக்க மாட்டாய் என்பதால் இங்கேயும் தருகிறேன்:

ஙணை (வி.): கை எட்டாத தூரத்தில் இருப்பவரை அணைத்துக்கொள். [ங + அணை] எ-டு: உறையைப் பிரிக்கும் முன் அம்மா அவனை ஒருமுறை ஙணைத்தாள்.

அன்புடன்,
அம்மா