தனுஷ்கோடி சாலையில் கைகொடுத்த அண்ணனுக்கு

போன ஜனவரியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் குடும்பத்தோடு கிளம்பினோம். பிச்சாவரத்தில் படகேறி அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சுற்று, அப்புறம் நேராக ராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போவதாகத் திட்டம்.

கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கினேன். முன்சக்கரங்கள் மணலில் புதைந்தன. மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கின.

"தம்பி, மிதிக்காதீங்க!" என்று தோளில் வலையோடு ஓடி வந்தீர்கள். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினீர்கள். வெறுங்கையால் மணலை வாரி, காய்ந்த பனையோலையைச் சக்கரத்துக்குப் பின்னால் திணித்தீர்கள். ஓலைக் கருக்கு கீறி உங்கள் பெருவிரலில் ரத்தம். அதைத் துடைத்துக்கொண்டே, "இப்ப மெதுவா ரிவர்ஸ் எடுங்க" என்றீர்கள். வண்டி ஏறிவிட்டது.

மகள் தண்ணீர் கேட்டதும், மணலில் தோண்டிய ஊற்றைக் காட்டினீர்களே, அதை மறக்கவே முடியாது. கடல் அவ்வளவு பக்கத்தில், ஆனால் தண்ணீர் கரிக்கவில்லை. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானதால் மேலேயே தங்கிவிடுகிறதாம்.

பணம் நீட்டியபோது கையைத் தட்டிவிட்டீர்கள். பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, அண்ணே. ரொம்ப நன்றி. மகள் வரைந்த படத்தில் பூநாரைக்குப் பக்கத்தில் நீங்களும் வலையோடு நிற்கிறீர்கள்.